நடந்து காணும் ஞாயிற்றுக் குடும்பம்

முப்பதாண்டுகளுக்கும் மேலாகச் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தவன் நான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலி நிலையத்திற்கு வந்தால், மாணாக்கரின் ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வு முறையைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். என் வகுப்பில் நிகழ்ந்த ஒரு தவற்றிலிருந்து தொடங்கி, தெருக்களிலும் பூங்காக்களிலும் ஞாயிற்றையும் கோள்களையும் நட்டு வைத்த சில ஊர்களின் வரலாற்றைச் சொல்வதே இன்று என் நோக்கம். தவறு செய்தவன் நானே ஆகையால், அதைச் சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு.

1989ஆம் ஆண்டு. நான் ஓர் ஊரில் பட்டதாரி ஆசிரியனாக இருந்தேன். புவியியலும் அறிவியலும் என் பொறுப்பு. நிலப்படம் வரையக் கற்பிக்கும்போதெல்லாம் ஒன்றை வலியுறுத்துவேன்: அளவுத்திட்டம் இல்லாத படம் படமே ஆகாது. ஒரு சென்டிமீட்டர் எத்தனை கிலோமீட்டரைக் குறிக்கிறது என்று கீழே எழுதாதவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக் குடும்பத்தைப் பற்றிய பாடம் வந்தது. கரும்பலகையின் இடக்கோடியில் பெரிய வட்டம், அதைத் தொடர்ந்து கோத்த மணிகளைப் போல ஒன்பது சிறு வட்டங்கள். பாடநூலில் இருந்ததை அவ்வாறே வரைந்தேன். நில அளவைத் துறையில் சங்கிலி பிடிக்கும் ஊழியர் ஒருவரின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். அவள் எழுந்து, “ஐயா, இந்தப் படத்துக்கு அளவுத்திட்டம் போடவில்லையே?” என்று கேட்டாள்.

“இது நிலப்படம் இல்லை, உட்கார் அம்மா” என்று சொல்லிவிட்டேன். அரையாண்டுத் தேர்வில் அதே படத்தை வரையச் சொல்லிக் கேள்வி வந்தது. அவள் படத்தை அழகாகவே வரைந்து, அதன் கீழே ‘அளவுத்திட்டம்: இல்லை’ என்று எழுதியிருந்தாள். கேட்காததை எழுதியதாகக் கருதிச் சிவப்பு மையால் அதை அடித்து, இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் அவளுடைய தந்தைக்கு மாறுதல் வந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவளை நான் பின்பு பார்க்கவில்லை.

அவள் கேட்டது சரியான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். புவியை ஒரு கடுகளவாக, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளதாக வைத்துக்கொள்வோம். ஞாயிற்றின் குறுக்களவு புவியினுடையதைப் போல் ஏறத்தாழ 109 மடங்கு. ஆகவே ஞாயிறு பதினாறு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதுகூடத் தாளில் அடங்கும். ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு? அதே கணக்கில் பதினேழரை மீட்டர்! வகுப்பறையின் சுவரைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, முற்றத்து வேப்பமரத்தருகே அந்தக் கடுகைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நெப்டியூனுக்கோ அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். உருவங்களை ஓர் அளவிலும் இடைவெளிகளை வேறோர் அளவிலும் வரைந்தால்தான் பாடநூலின் பக்கத்தில் படம் நிற்கும். அதை நான் சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் விட்டதாலேயே, வானம் என்பது நெருக்கமாக அடுக்கிய பந்துகளின் வரிசை என்று எத்தனையோ பிள்ளைகள் நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இந்த அளவுகளை மனிதன் எப்பொழுது அறிந்தான் என்பதே ஒரு தனிக்கதை. கெப்ளர் 1619ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியால், கோள்களின் தொலைவுகள் ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் உள்ளன என்பது தெரிந்தது. புவியின் தொலைவை ஒன்று என்று கொண்டால் வியாழனின் தொலைவு ஐந்துக்குச் சற்று மேல் என்று கூறிவிடலாம். ஆனால் அந்த ‘ஒன்று’ எத்தனை காதம் என்பது திட்டமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், வானியலாரிடமே அளவுத்திட்டம் இல்லாத ஒரு படம்தான் இருந்தது! அந்தக் குறையைப் போக்க ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் குறுக்கே கடக்கும் அரிய வேளையில், புவியின் பல மூலைகளிலிருந்து அதைப் பார்த்து நேரத்தைக் குறித்து ஒப்பிட வேண்டும். அத்தகைய வேளைகள் 1761இலும் 1769இலும் வந்தன.

இதில் நம் கடற்கரையும் ஒரு துயரமான இடத்தைப் பெற்றிருக்கிறது. பிரெஞ்சு நாட்டு வானியலாரான லெ ஜான்டில் 1760இல் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. வெள்ளி கடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பல் தளத்திலிருந்து நுட்பமாக அளக்க இயலவில்லை. எட்டாண்டுகள் பொறுத்தால் அடுத்த வாய்ப்பு என்று அவர் ஊருக்குத் திரும்பாமலே கீழ்த்திசைக் கடல்களில் காலம் கழித்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, ஒரு வானாய்வுக்கூடத்தையும் கட்டி வைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலை. அதற்கு முந்திய நாட்களெல்லாம் வெளுத்திருந்த வானம் அன்று காலையில் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு மேகம் கலைந்து வெயில் அடித்தது. 1771இல் அவர் பாரிசுக்குத் திரும்பியபோது அவரை இறந்தவராகக் கருதி அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காலையில் நடக்கும்போது மேகம் மூடினால் அவர் நினைவு எனக்கு வரும்.

அவருக்குக் கிட்டாதது தாகித்தித் தீவில் குக்கின் குழுவினருக்கும், வேறு இடங்களில் மற்றவர்களுக்கும் கிட்டியது. அவற்றையெல்லாம் தொகுத்து லலாந்து என்னும் அறிஞர் 1771இல் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர். இன்று நாம் கொள்ளும் மதிப்பு 14 கோடியே 96 இலட்சம். மரத்தாலும் பித்தளையாலும் செய்த தொலைநோக்கிகளைக் கொண்டு அளந்தவர்களின் பிழை நூற்றில் மூன்று பங்குக்கும் குறைவு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் எண்ணைச் சொன்னால் யாருக்கு விளங்கும்? பதினைந்து கோடி என்று சொன்னால் மாணாக்கன் தலையை ஆட்டுவான். பதினைந்து இலட்சம் என்று சொல்லியிருந்தாலும் அதே போலத்தான் ஆட்டியிருப்பான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. கோடியைத் தெரிந்த பொருளாக மாற்ற வேண்டும்.

அவ்வாறு மாற்ற முயன்றவர்களுள் என் மனத்தைக் கவர்ந்தவர் நெதர்லாந்து நாட்டின் பிரானகர் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஐசிங்கா. அவர் பேராசிரியர் அல்லர். ஆட்டு மயிரைச் சீவிக் கம்பளி நூலுக்குப் பதப்படுத்தும் தொழிலாளர். 1774 மே மாதத்தில் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களும் திங்களும் வானத்தில் ஒருங்கே நெருங்கித் தோன்றின. கோள்கள் ஒன்றையொன்று மோதும், புவி தன் பாதையிலிருந்து பிடுங்கப்பட்டு எரிந்துபோகும் என்ற அச்சத்தை ஒரு சிறு நூல் ஊரெங்கும் பரப்பியது. ஐசிங்கா அச்சத்திற்கு மறுப்பு எழுதவில்லை. தம் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையையே ஞாயிற்றுக் குடும்பமாக ஆக்கத் தொடங்கினார். மர வளையங்கள், பற்களுக்குப் பதிலாக இரும்பாணிகள், இயக்குவதற்கு ஊசலோடு கூடிய ஒரு கடிகாரம். ஏழாண்டு உழைப்பில் 1781இல் அது முடிந்தது. அந்தக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் என்பது பத்து இலட்சம் கிலோமீட்டர். கோள்கள் தத்தம் உண்மையான வேகத்தில் சுற்றுகின்றன. சனி ஒரு சுற்றுச் சுற்ற இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தப் பொறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் ஐ.நா.வின் உலக மரபுச் சின்னங்களுள் அதுவும் சேர்க்கப்பட்டது.

ஆனால் அங்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அந்த அளவில் ஞாயிறு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது. புவியோ மயிரிழையின் பருமனைவிடச் சிறிது. ஆகவே கோளத்தின் பருமனைக் காட்ட அவராலும் இயலவில்லை; கண்ணுக்குத் தெரியும்படி உருண்டைகளைப் பெரிதாக்கித் தொங்கவிட்டார். மேலும், வேலை முடிந்த அதே 1781ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனசைக் கண்டுபிடித்தார். கூரையில் அதற்கு இடமே இல்லை! தாள் போதாது என்றால் அறையும் போதவில்லை.

யுரேனசைக் கண்டவரின் மகன் ஜான் ஹெர்ஷலே, எல்லாரையும் வெளியே அழைத்து வந்தவர். 1833இல் அவர் எழுதிய வானியல் நூலில் ஒரு பகுதி உண்டு. மாவட்ட மைய நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பதிப்பில், அந்தப் பெண்பிள்ளை போய் இரண்டாண்டு கழித்து, அதை நான் படித்தேன். தாளில் வட்டம் போடுவதாலும், கோள்கள் சுழலும் பித்தளைப் பொறிகளாலும் இந்த அளவுகளை விளங்கிக்கொள்ள முடியாது என்று அவர் சற்றுக் கடுமையாகவே கூறுகிறார். அந்தப் பொறிகளைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் என்று ஒதுக்கிவிடுகிறார். பிறகு ஒரு சமமான புல்வெளிக்கு நம்மைக் கூட்டிச் செல்கிறார். நடுவே இரண்டடி உருண்டை ஒன்றை வை, அது ஞாயிறு. எண்பத்திரண்டு அடி நடந்து ஒரு கடுகை வை, அது புதன். இருநூற்றுப் பதினைந்து அடியில் ஒரு பட்டாணி. அதுதான் நாம் வாழும் புவி. வியாழன் ஓர் ஆரஞ்சுப்பழம், அதன் பாதை அரை மைல் அகலம். யுரேனஸ் ஒரு செர்ரிப்பழம், அதன் பாதை ஒன்றரை மைலுக்கும் மேல். 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட பின், விரிவாக்கி எழுதிய நூலில் அதற்கும் ஒரு பிளம் பழத்தைக் கொடுத்து இரண்டரை மைல் அகலமுள்ள பாதையில் ஓடவிட்டார்.

படித்தபோது எனக்கு வியர்த்தது. கடுகும் பட்டாணியும் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருந்தன. பள்ளிக்கு வெளியே சாலை இருந்தது. வேறு என்ன வேண்டும்?

ஹெர்ஷல் சொன்னது ஒரு நூலின் பக்கத்திலேயே நெடுங்காலம் தங்கியிருந்தது. ஆசிரியர்கள் சிலர் தங்கள் பிள்ளைகளோடு செய்து பார்த்திருக்கலாம். ஆனால் கல்லாலும் உலோகத்தாலும் நிலையாக நட்டு, வழிப்போக்கர் எவரும் நடந்து பார்க்கும்படி பொது இடத்தில் வைப்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அமெரிக்காவில் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1987இல் அமைந்த ஒன்று, 1986இல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தில் உயிர்நீத்தவர்களின் நினைவாக அமைந்தது. அவர்களுள் ஒருவரான ஒனிசுகா அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நினைவுச் சின்னம் என்றால் சிலை ஒன்றை எழுப்பி மாலை போடுவதே வழக்கமாக இருக்க, அவர்கள் ஞாயிற்றுக் குடும்பத்தை ஆயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறுக்கி நடைபாதையோரம் நட்டார்கள். அந்த அளவில் ஞாயிறு பதினான்கு சென்டிமீட்டர் உருண்டை. புவி பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு குண்டூசித் தலை. இதே அளவில் வாஷிங்டன் நகரின் நடுப்புல்வெளியோரம், வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்தின் வாயிலில், 2001இல் மற்றொன்று அமைந்தது. அங்கே நடப்பவருக்குப் பத்து நிமிடத்தில் புளூட்டோ வந்துவிடும்.

கார்ல் சேகன் 1996 டிசம்பரில் மறைந்தபின், அவர் பாடம் சொல்லிக்கொடுத்த இதாக்கா நகரில் அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு கோள் நடை திறக்கப்பட்டது. ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கற்றூண். நடுத்தெருவில் தொடங்கி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. 2012இல் அந்த நடையோடு மேலும் ஒரு தூணைச் சேர்த்தார்கள். அது அண்டை விண்மீனான ஆல்பா சென்டாரியைக் குறிக்கும் தூண். அதை அதே ஊரில் நட முடியாது. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவின் ஹீலோ நகரில் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள்!

சுவீடன் நாட்டினர் எதையும் பெரிதாகவே செய்தார்கள். ஸ்டாக்ஹோம் நகரில் 1989இல் திறக்கப்பட்ட உருண்டை வடிவ விளையாட்டரங்கு 110 மீட்டர் குறுக்களவு உடையது. அதையே ஞாயிறாக நிறுத்தி, இரண்டு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் கோள்களை அமைத்தார்கள். புவி ஏழரைக் கிலோமீட்டர் தள்ளி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். வியாழன் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வானூர்தி நிலையத்தருகே. புளூட்டோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், டெல்லன் ஏரிப் பக்கத்தில், பன்னிரண்டு சென்டிமீட்டர் உருண்டை. பெருமைக்குரிய செயல்தான். ஆனால் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறை தோன்றுகிறது. முந்நூறு கிலோமீட்டரைப் பிள்ளைகள் பேருந்திலோ ரயிலிலோதான் கடப்பார்கள், தூங்கியும் விடுவார்கள். கால் வலித்தால்தான் தொலைவு மனத்தில் ஏறும்.

குரோவேசிய நாட்டின் சாக்ரெப் நகரத்துக் கதை வேறு வகையானது. கோசாரிச் என்ற சிற்பி 1971இல் ‘தரையிறங்கிய ஞாயிறு’ என்று பெயரிட்டு இரண்டு மீட்டர் வெண்கல உருண்டை ஒன்றைச் செய்தார். ஊரார் அதைச் சிற்பமாகவே பார்த்து வந்தார்கள். 2004இல் பிரெய்ஸ் என்ற மற்றொரு கலைஞர், அந்த உருண்டைக்குத் தக்க அளவில் ஒன்பது கோள்களைச் செய்து நகரத்தின் ஒன்பது இடங்களில், விளம்பரம் ஏதுமின்றி வைத்தார். புவி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு குமிழ். வார்சாவ்ஸ்கா தெருவில் ஒரு சுவரில் இருக்கிறது. அன்றாடம் அதைக் கடந்து அலுவலகம் போனவர்கள் அறியாமலே ஞாயிற்றுக் குடும்பத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், வட அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 2003இல் முடிந்ததைச் சொல்வேன். மெக்கார்ட்னி என்ற கல்லூரிப் பேராசிரியர், உருளைக்கிழங்கு விளையும் அந்த வட்டாரத்தின் நெடுஞ்சாலையோரம், புவிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொலைவு ஒரு மைல் என்ற கணக்கில், நாற்பது மைலுக்குக் கோள்களை நட்டார். அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளும் ஊராருமே. தொழிற்பிரிவு மாணவர்கள் உருண்டைகளைச் செய்தார்கள், வண்ணம் பூசினார்கள், கம்பத்தில் ஏற்றினார்கள். ஐந்தடி வியாழனைத் தன் கையால் செய்த பையனுக்கு வியாழனின் அளவை யாரும் தேர்வில் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1996இல், மாசி மாதத்து நிலவு நாளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாங்களும் நடந்தோம். நூறு கோடியில் ஒரு பங்கு என்று அளவு வைத்துக்கொண்டோம். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஆயிரம் கிலோமீட்டர்; கணக்கு எளிது. பள்ளிச் சுவரில் காவியால் 1.4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் தீட்டினோம், அது ஞாயிறு. வட்ட அலுவலகத்திலிருந்து நில அளவைச் சங்கிலி ஒன்றை இரவல் வாங்கினேன். அதைக் கையில் வாங்கியபோது என் நினைவு யாரிடம் சென்றது என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

58 மீட்டரில் ஒரு துவரம்பருப்பு, புதன். 108 மீட்டரில் ஒரு சுண்டைக்காய், வெள்ளி. 150 மீட்டரில், சாலையோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே, இன்னொரு சுண்டைக்காய். “இதுதான் நாம்” என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கு ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான தொலைவில், 38 சென்டிமீட்டரில், ஒரு மிளகை வைத்தோம், திங்கள். மனிதன் இதுவரை போய்க் கால் வைத்த தொலைவு இந்த முழம்தான் என்று சொன்னபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

அங்கே ஒரு சோதனையும் செய்தோம். சுண்டைக்காய் இருந்த இடத்தில் நின்று பள்ளிச் சுவரின் காவி வட்டத்தைப் பார்த்தால், வானத்தில் ஞாயிறு நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவே அதுவும் தெரிய வேண்டும். அளவுத்திட்டம் சரி என்பதற்கு அதுவே சான்று. ஞாயிற்றை வெறுங்கண்ணால் பார்க்கச் சொல்வது கூடாது. முழுநிலவும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஞாயிற்றின் அளவே. அதற்காகவே நிலவு நாளைத் தேர்ந்தெடுத்தேன். மாலையில் கிழக்கே நிலவு எழுந்தது. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் நிலவை மறைத்தார்கள். திரும்பி அதே நகத்தால் சுவரின் வட்டத்தை மறைத்தார்கள். இரண்டும் ஒன்றாகவே மறைந்தன. ஒரு பையன் நான்கு முறை திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

தொலைவான கோள்களை மறுநாள் காலையில் நடந்தோம். 228 மீட்டரில் செவ்வாய்க்கு ஒரு பட்டாணி வைத்ததோடு நெருக்கம் தீர்ந்துபோயிற்று. வியாழனுக்கு ஒரு பெரிய தேங்காய். அதை 778 மீட்டரில், அரசமரத்தடிப் பிள்ளையாரின் முன் வைத்தோம். அந்த வழியே வந்த அம்மையார் ஒருவர் சிதறுகாய்க்கு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சனிக்குச் சற்றுச் சிறிய தேங்காய், ரயில்வே கேட்டைத் தாண்டி 1.4 கிலோமீட்டரில். யுரேனசுக்கு ஓர் எலுமிச்சம்பழம், அரிசி ஆலையருகே, ஏறத்தாழ மூன்றாவது கிலோமீட்டரில். நெப்டியூனுக்கும் ஓர் எலுமிச்சை, 4.5 கிலோமீட்டரில் ஏரிக்கரை மதகின் மேல். அப்பொழுது கோளாகக் கருதப்பட்ட புளூட்டோ ஏறக்குறைய ஆறாவது கிலோமீட்டரில், வேறோர் ஊரின் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தது. பெற்றோரிடம் அவ்வளவு தொலைவுக்கு இசைவு வாங்கவில்லை. கையைக் காட்டிச் சொன்னதோடு சரி. 2006இல் வானியலார் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து நீக்கியபோது, அந்த மாணவருள் ஒருவன் என்னைச் சந்தையில் கண்டு, “நல்ல வேளை ஐயா, நடக்காமல் போனோம்” என்றான்.

ஒளியின் வேகத்தையும் நடந்து பார்த்தோம். இந்த அளவில் ஒளி நொடிக்கு முப்பது சென்டிமீட்டர்தான் போகும். ஒரு காலின் குதியை மறுகாலின் பெருவிரலை ஒட்டி வைத்து, நொடிக்கு ஓரடி வீதம் நடந்தால் ஏறத்தாழ அதன் வேகம். சுவரிலிருந்து பாலத்திற்கு வர எட்டு நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. பொறுமையிழந்து ஓடிய பிள்ளைகளிடம் “நீங்கள் ஒளியை முந்துகிறீர்கள்” என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே நடையில் ஏரிக்கரைக்குப் போயிருந்தால் நான்கு மணி நேரம்.

அந்த ஐந்து கிலோமீட்டரிலும் நாங்கள் வைத்த பொருள்கள் அனைத்தும் ஒரு மஞ்சள்பைக்குள் அடங்கின. மற்றவை வயல், தார்ச்சாலை, காற்று. மதகின் மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு உண்ணும்போது ஒரு சிறுமி, பள்ளிக்கூடம் இருந்த திசையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, நடுவில் ஒன்றுமே இல்லையே” என்றாள். பாடநூல் படத்தில் இடம் பெறாதது அதுதான்.

அடுத்த விண்மீன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். மணலில் குச்சியால் கணக்குப் போட்டோம். நாலரைக்குச் சற்றுக் குறைந்த ஒளியாண்டு. நம் அளவில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் வந்தது. பையன்களுக்கு அந்த எண் புவியியல் பாடத்தில் பார்த்ததாக நினைவு. புவியின் சுற்றளவு! ஏரிக்கரையிலிருந்து நேரே நடந்து உலகைச் சுற்றி வந்தால், எங்கள் பள்ளிச் சுவருக்கே திரும்பிவிடுவோம். பல்லாண்டு கழித்து, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரக் கடற்கரையில் 2008இல் இதே நூறு கோடி அளவில் அமைத்த கோள் நடையைப் பற்றிப் படித்தேன். அவர்களுக்கும் அதே கணக்கு வந்திருக்கிறது. ஆகையால் புராக்சிமா என்னும் அந்த அண்டை விண்மீனை, தங்கள் ஞாயிற்றின் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். இங்கிருந்து அதற்குப் போக வேண்டுமானால் உலகை ஒரு முறை சுற்றி வர வேண்டும் என்று பொருள்.

எங்கள் காவி வட்டம் அடுத்த பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடித்தபோது மறைந்துவிட்டது. அதைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்று அந்த ஊரிலும் ஒன்று இருந்திருக்கும். பாலத்தருகே பிள்ளைகள் நட்ட கல் மட்டும் சென்ற ஆண்டு நான் போனபோது இருந்தது. ‘புவி’ என்று கொத்திய எழுத்தில் பாதி தெரிந்தது. அதன் கீழே ‘அளவுத்திட்டம்: 1 மி.மீ. = 1,000 கி.மீ.’ என்று பொறிக்கச் சொல்லியிருந்தேன். அது இன்னும் முழுதாகப் படிக்கக்கூடியதாகவே இருக்கிறது.